கேமரன் மலைக் குளிருக்கு வேன் ஹீட்டர்: டீசலா, பெட்ரோலா?

வணக்கம் நண்பர்களே. கோலாலம்பூர், கெப்போங்கில் இருக்கிறேன். வண்டி 1994 நிசான் வனெட், பெட்ரோல். உள்ளே படுக்கை போட்டு 2 கிலோவாட் டீசல் ஹீட்டர் பொருத்தியிருக்கிறேன். வீட்டு வாசலில் விடிய விடிய ஓடுகிறது (அங்கே யாருக்கு வேண்டும்!). போன மாதம் கேமரன் மலையில் உள்ள பிரிஞ்சாங்கில், கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்தில், அரை மணி நேரத்தில் கரும்புகை கக்கி நின்றுவிட்டது. இரண்டு இரவும் அதே கதை.

குளோ பிளக் (டீசலைப் பற்றவைக்கும் சூட்டுக் கம்பி), ஃபில்டர் மாற்றியாச்சு. பேட்டரி புதுசு. கழற்றிப் பார்த்தால் உள்ளே விரல் தடிமனுக்குக் கரி. பாமாயில் கலந்த டீசலாலா, மேலே காற்று மெலிவதாலா, பிடிபடவில்லை. கேஸ் ஹீட்டரும் வைத்துப் பார்த்தேன். கண்ணாடியெல்லாம் வேர்த்து மெத்தை நனைந்தது, பிள்ளைகள் தூங்கும் இடத்தில் கார்பன் மோனாக்சைடு பயம் வேறு.

தீபாவளி விடுமுறைக்கு மறுபடி ஏறுகிறோம். ஹீட்டருக்கு டீசல் ஊட்டும் பம்ப் வேகத்தைக் குறைத்து இதையே ஓட்டலாமா, வண்டி டேங்கிலிருந்தே எடுக்கும் பெட்ரோல் ஹீட்டருக்கு மாறிவிடலாமா?