பாங்காக்: அப்பா அம்மாவோடு 4 நாள், எங்கே ஏமாறுவோம்?

பெட்டிகட்டியாச்சு:
அப்பாவுக்கு 66, அம்மாவுக்கு 61. சுவர்ணபூமி ஏர்போர்ட்டில் இரவு இறங்குகிறோம், சீலோம் பக்கம் ஓட்டல். கிராண்ட் பேலஸ், வாட் ஃபோ புத்தர் கோயில், சீலோம் மாரியம்மன் கோயில் பார்க்கணும். "டாக்சிக்காரன் ஏமாத்துவான், ரத்தினக் கல்லைத் தலையில கட்டிடுவான்" என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். எந்த இடத்தில், எப்படி நடக்குது? 'ஜாக்கிரதை' என்று மட்டும் எழுதாதீங்க, ப்ளீஸ்.

படகுத்துறை:
பேலஸ் மதில் ஓரம்தான் முக்கியமான இடம். பேன்ட் சட்டையில் டீசன்டா ஒருத்தர் வருவார், நல்ல ஆங்கிலம். "இன்னைக்கு பூஜை, 1 மணிக்குத்தான் திறப்பாங்க" என்பார். அதுவரை மூணு கோயில் சுத்திக்காட்ட 20 பாட்டுக்கு (தாய்லாந்துப் பணம்) டுக்-டுக், அதாவது அவங்க ஊர் ஆட்டோ, ரெடி. அந்தக் காசில் யாரும் அவ்வளவு தூரம் ஓட்ட மாட்டாங்க. சவாரியைக் கொண்டுபோய் விட்டால் கல் விற்கிற கடைக்காரன் டிரைவருக்குப் பெட்ரோல் கூப்பன் தருவான், அதான் கணக்கு. நடுவில் ஒரு கோயிலில் 'தற்செயலா' இன்னொருத்தர் வந்து, அரசாங்கமே கல் விற்குது, இன்றே கடைசி, ஊரில் இரட்டை விலைக்குப் போகும் என்பார். அரசாங்கம் கல் விற்பதில்லை.

பேலஸ் வழக்கமாகத் தினமும் 8:30க்குத் திறக்கும், டிக்கெட் 3:30 வரை. யார் என்ன சொன்னாலும் வாசல் வரை நடந்துபோய்ப் பாருங்க. டிக்கெட் 500 பாட். முட்டியும் தோளும் மூடணும். அம்மாவுக்குப் புடவை போதும், அப்பாவுக்கு முழு பேன்ட்.

சீலோமிலிருந்து டாக்சி வேண்டாம். பிடிஎஸ் என்கிற மேம்பால ரயிலில் சபான் தாக்சின் ஸ்டேஷன், இறங்கினால் சாத்தோன் படகுத்துறை. ஆரஞ்சுக் கொடி படகு 16 பாட், பேலஸ் பக்கத்துத் துறையான தா சாங்கில் இறங்கணும். துறையில் தனிப் படகுக்கு ஆயிரக்கணக்கில் கேட்டு மறிப்பாங்க, கண்டுக்காதீங்க.

மீட்டர்போடு:
ஏர்போர்ட்டில் வருகைத் தளத்திலேயே வந்து கூப்பிடுகிற ஆளோடு போகாதீங்க. ஒரு தளம் கீழே, முதல் தளத்தில் டாக்சிக்குச் சீட்டு தரும் மெஷின் இருக்கும். சீட்டு எடுத்தால் வண்டி நிற்கிற எண் வரும். மீட்டர் 35 பாட்டில் தொடங்கும் (பெரிய வண்டி 40), அதோடு ஏர்போர்ட் கட்டணம் 50. டோல் நம்ம செலவு. டோல் கேட்டில் நீங்களே சில்லறை கொடுங்க. கடைசியில் மொத்தமா கேட்க விட்டால் டோல் ரெண்டு மடங்காகிடும். சீட்டை டிரைவர் கேட்டாலும் கொடுக்காதீங்க, புகாருக்கு அதுதான் ஆதாரம்.

பெட்டிகட்டியாச்சு:
நன்றி. அப்போ டுக்-டுக்கே கூடாதா? அம்மா ஆசைப்படுறாங்க.

படகுத்துறை:
தாராளமா ஏறலாம். நீங்களா கையைக் காட்டி நிறுத்தணும், தானா வந்து கூப்பிடுவதில் வேண்டாம். ஏறும் முன்னே ரேட் பேசுங்க. "கடை வேண்டாம்" என்றதும் முகம் மாறினால் அடுத்த வண்டி.

சில்லறைகடை:
ரெண்டு விஷயம் விட்டுப்போச்சு. ஏடிஎம்மில் ஒவ்வொரு முறையும் 220 பாட் அல்லது அதுக்கு மேல் பிடிக்கும், அதனால் ஒரே தடவையா எடுங்க. திரையில் ரூபாயா பாட்டா என்று கேட்டால் பாட். ரூபாயை அழுத்தினால் அவங்க வைக்கிறதுதான் ரேட்.

பாஸ்போர்ட்டை எதுக்கும் அடமானமா தராதீங்க, பைக் வாடகைக்குக்கூட. டூரிஸ்ட் போலீஸ் 1155, ஆங்கிலத்தில் பேசுவாங்க. கார்டில் கல் வாங்கித் தொலைச்சிட்டால் அன்றைக்கே 1155க்கும் பேங்குக்கும் போன் அடிக்கணும். ஊர் திரும்பிட்டால் பணம் திரும்பக் கிடைப்பது குதிரைக்கொம்பு.