மாணவர்களே நடத்தும் வகுப்பறை அருங்காட்சியகம்: ஆலோசனை தேவை

பட்டர்வொர்த் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறையில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு வகுப்பாசிரியையாகப் பணியாற்றுகிறேன். தங்களைக் கவர்ந்த ஆளுமைகளைப் பற்றி மாணவர்களே திட்டமிட்டு, மாணவர்களே விளக்கமளிக்கும் அருங்காட்சியகம் ஒன்றை வகுப்பறையில் ஒரு நாள் நடத்த எண்ணியுள்ளோம். பெயர்களைக் கேட்டபோது பாதிப் பேர் ஒரே கால்பந்து வீரரை எழுதிக் கொடுத்தார்கள். மற்றவர்கள் இணையத்தில் கிடைக்கும் வாழ்க்கைக் குறிப்பை மனிலா அட்டையில் ஒட்டினால் போதும் என்று நினைக்கிறார்கள். பெயர்களை நானே ஒதுக்கினால் இது மாணவர் நிகழ்ச்சியாக இராது. முற்றிலும் அவர்களிடமே விட்டால் படமும் பிறந்த தேதியும்தான் மிஞ்சும். இடைப்பட்ட வழி ஏதேனும் உண்டா?

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், ஆயர் ஈத்தாம்:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். பெயர்களை ஒதுக்காதீர்கள், நிபந்தனை ஒன்றை மட்டும் விதியுங்கள். தேர்ந்தெடுக்கும் மனிதர் செய்த ஒரு குறிப்பிட்ட செயலைச் சொல்லி, அதை விளக்கும் ஒரு பொருளையும் மேசையில் வைக்க முடிந்தால்தான் அந்தப் பெயர் ஏற்கப்படும் என்று அறிவித்துவிடுங்கள்.

பினாங்கில் 1879-இல் பிறந்து பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்த மருத்துவர் வூ லியன் தே, 1910-11-இல் மஞ்சூரியாவில் பரவிய கொள்ளைநோய் மூச்சுக்காற்றின் வழியே தொற்றுவதைக் கண்டறிந்து, சல்லாத்துணிக்கு நடுவே பஞ்சு வைத்த முகக்கவசத்தை அணியச் செய்தார். துணியும் பஞ்சும் மருந்துக்கடையில் கிடைக்கும். மாணவர்களே தைத்து வைக்கலாம். ஸ்குவாஷில் எட்டு முறை உலகப் பட்டம் வென்ற நிக்கோல் டேவிட்டுக்குக் கோப்பைப் படம் வேண்டாம், ஒரு ஸ்குவாஷ் பந்து போதும். சூடேறாத பந்து எழும்பாது என்பதைப் பார்வையாளர் தரையில் போட்டுப் பார்த்த பிறகு மாணவர் பேசத் தொடங்கட்டும்.

மலேசிய இந்தியர் காங்கிரஸின் தலைவராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதைச் சொல்ல விரும்பும் குழு, வீட்டில் தாத்தா பாட்டி வைத்திருக்கும், ரப்பர் மரம் சீவும் பால்வெட்டுக் கத்தியைத் தேடலாம். ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட அக்காலத்தில், தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டதைப் பாடநூலைவிட அந்தத் தாத்தா பாட்டியே நன்றாகச் சொல்வார்கள். (கத்தியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள். தலைமையாசிரியரின் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.)

ஒரு பெற்றோர், பிறை:

ஐயா சொல்வது சரிதான். மாறுவேடத்தை மட்டும் கட்டாயமாக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உடை தேடி அலைவதும் தைப்பதும் பெற்றோர் வேலையாகிவிடும். பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு நிற்பதோடு சரி.

அருங்காட்சியகத் தன்னார்வலர், ஜார்ஜ்டவுன்:

உடை விஷயத்தில் நான் சற்று மாறுபடுகிறேன். கூச்ச சுபாவமுள்ள சில மாணவர்கள் வேறொருவராக நின்றால்தான் வாய் திறக்கிறார்கள். விருப்பமுள்ளவர்கள் மட்டும் அணியட்டும்.

அதிக நேரத்தை விளக்க அட்டைகளுக்கு ஒதுக்குங்கள். ஒவ்வோர் அட்டையும் ஐம்பது சொற்களுக்குள், பிள்ளைகளின் கண்மட்டத்தில், பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். புவான் ஸ்ரீ ஜானகி ஆதி நாகப்பனைப் பற்றிய அட்டை '1925-இல் கோலாலம்பூரில் பிறந்தார்' என்று தொடங்கினால் யாரும் இரண்டாம் வரிக்கு வரமாட்டார்கள். நேதாஜியின் உரையைக் கேட்ட இளம்பெண் ஒருவர் தம் காதணிகளைக் கழற்றிக் கொடுத்தார் என்று தொடங்கி, இந்திய தேசிய இராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் அவர் இரண்டாம் நிலைத் தளபதியானதைச் சொன்னால், பக்கத்தில் வைத்த காதணிகளைப் பார்த்துக்கொண்டே படிப்பார்கள். அவை அவர் அணிந்தவை அல்ல என்பதால் 'மாதிரி' என்று கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். எது உண்மைப் பொருள், எது செய்துவைத்தது என்று பிரித்துக் காட்டாத இடம் வெறும் அலங்கார மேடைதான். ஒரு குழு எழுதிய அட்டையை மறு குழு படித்துக் கேள்வி கேட்க வேண்டும். விடை தெரியாதவற்றைத் தேடிப் படிப்பதுதான் வழிகாட்டிகளுக்கான பயிற்சி; மனப்பாட உரை, பார்வையாளர் குறுக்கே ஒரு கேள்வி கேட்டதும் நின்றுவிடும்.

பட்டர்வொர்த் ஆசிரியை:

அனைவருக்கும் நன்றி. ஐயா கூறிய நிபந்தனையை இன்று வகுப்பில் அறிவித்தேன். கால்பந்து வீரரை எழுதியவர்களில் பெரும்பாலோர் மாற்றிக்கொண்டார்கள். இருவர் மட்டும் விட மறுத்து, எந்தச் செயல், எந்தப் பொருள் என்று நாளை சொல்வதாகக் கூறியிருக்கிறார்கள். பால்வெட்டுக் கத்தி ஒரு மாணவியின் பாட்டி வீட்டில் இருக்கிறது. இரவல் வாங்கும் பொருள்களுக்குப் பெற்றோரிடம் கையொப்பம் பெற மாதிரிக் கடிதம் எவரிடமேனும் இருந்தால் இங்கே பகிருமாறு வேண்டுகிறேன்.