டெட்ராசெல்மிஸ் லைட் பக்கம் ஓடுது, கீட்டோசெராஸுக்கு வெளிச்சமே தெரியாதா?

கடலூரான்:
இறால் ஹேச்சரில (குஞ்சு பொரிக்க வைக்கிற இடம்) ஆல்கே (பாசி) செக்‌ஷனுக்கு புதுசு நான். ஏரேஷன (தண்ணிக்குள்ள காத்து விடுறத) நிறுத்துனா பிளாஸ்க்ல டெட்ராசெல்மிஸ்ங்குற பச்சை ஒருசெல் பாசி எல்லாம் டியூப்லைட் இருக்குற பக்கமா வந்து பச்சைப் பட்டையா சேர்ந்துடுது, பிளாஸ்க்க திருப்பி வச்சாலும் நீந்தி திரும்ப லைட் பக்கமே வந்துடுது. கீட்டோசெராஸ்ங்குற பிரவுன் பாசி அப்படி இல்ல, அடியில படியுது அவ்ளோதான். உள்ள நல்ல பிரவுன்ல இருக்குறத வெளி டேங்குக்கு மாத்துனா ரெண்டு மூணு நாள்ல வெளுத்துடுது, செத்துப் போகுதா அண்ணா?

மைக்ரோஸ்கோப் மணி:
தம்பி, டெட்ராசெல்மிஸ 40 எக்ஸ்ல பாருங்க, பச்சைக்கு நடுவுல ஒரு ஆரஞ்சு புள்ளி தெரியும். வெளிச்சத்த உணர்றது அந்தப் புள்ளி இல்ல, அதுக்கு மேல இருக்குற சவ்வுல உள்ள சேனல்ரொடாப்சின்ங்குற புரதம். புள்ளி ஒரு பக்கத்து வெளிச்சத்த மறைக்கிற வேலைய பண்ணுது. செல் சுழண்டுகிட்டே நீந்துறதால ஒவ்வொரு சுத்துக்கும் அந்தப் புரதத்து மேல வெளிச்சம் விழும், மறையும், அத வச்சே லைட் எந்தப் பக்கம்னு தெரிஞ்சுகிட்டு நாலு ஃபிளாஜெல்லாவயும் (நீந்த உதவுற சாட்டை மாதிரி இழை) அடிக்கிற விதத்த மாத்திக்குது. வெளிச்சம் ரொம்ப அதிகமானா எதிர்ப்பக்கம் ஓடும், அதையும் பாருங்க. ஒரே ஒரு செல்லுக்குள்ள இவ்ளோ வேலை நடக்குது, எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரல.

உப்புக்காத்து:
கீட்டோசெராஸ் டயாட்டம், அதாவது சிலிகா கூடு உள்ள ஒருசெல் பாசி, அதுக்கு ஃபிளாஜெல்லாவும் இல்ல புள்ளியும் இல்ல, ஓட முடியாது, ஆனா வெளிச்சம் நல்லாவே தெரியும். கடல்ல சிவப்பு மேலயே உறிஞ்சப்பட்டுடும், ஆழத்துக்குப் போறது நீலமும் பச்சையும்தான், அதனால டயாட்டம்களுக்கு நீல வெளிச்சத்த உணர ஆரியோகுரோம்னு தனிப் புரதமே இருக்கு. வெயில் சுள்ளுனு விழுந்தா சில நிமிஷத்துலயே டயடினோசாந்தின்ங்குற நிறமி டயடோசாந்தின்ங்குற இன்னொரு நிறமியா மாறி, மிச்ச சக்திய சூடா வெளிய தள்ளிடும். அப்புறம் நாள் கணக்குல குளோரோஃபில்லையும் பிரவுன் நிறத்துக்குக் காரணமான ஃபியூகோசாந்தினையும் குறைச்சுக்கும், நீங்க வெளுப்புன்னு சொல்றது பெரும்பாலும் இதுதான். நிழல்ல வச்சா கலர் திரும்ப வரும்.

கடலூரான்:
அப்ப வெளுத்தா பயப்பட வேணாமா?

மைக்ரோஸ்கோப் மணி:
எல்லாத்தையும் வெயில் மேல போடாதீங்க, நைட்ரேட் தீர்ந்தாலும் இதே மாதிரி வெளுக்கும். தினம் ஹீமோசைட்டோமீட்டர்ல (செல் எண்ணுற கட்டம் போட்ட கண்ணாடி ஸ்லைடு) எண்ணுங்க, எண்ணிக்கை ஏறிட்டே இருந்தா பிரச்சனை இல்ல, ஏறாம வெறும் சிலிகா கூடுகளா தெரிஞ்சா அந்த டேங்க் போச்சு. அடுத்த தடவ சாயங்காலமா மாத்தி, மறுநாள் பகல்ல மட்டும் நிழல்வலை கட்டிப் பாருங்க.