அப்பாவின் ரத்த ரிப்போர்ட்: நியூட்ரோஃபில், லிம்போசைட் விகிதம் 6. பயப்பட வேண்டுமா?

மூத்தமகள்:
அப்பாவுக்கு 67 வயது. சிறுநீரில் ரத்தம் போயிருக்கிறது. வலி இல்லாததால் இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. சிறுநீர்ப்பையில் கட்டி. குழாய் விட்டுச் சுரண்டி எடுத்தார்கள். பயாப்சியில் டி1, ஹை கிரேடு: உள்தோலுக்கு அடியில் இறங்கியிருக்கிறது, தசைக்குள் போகவில்லை, ஆனால் வேகமாக வளரும் வகை. சில வாரத்தில் மறுபடி ஒருமுறை சுரண்டிப் பார்த்துவிட்டு சிறுநீர்ப்பைக்குள் விடும் பி.சி.ஜி. மருந்து ஆரம்பிக்கலாம் என்றார் டாக்டர்.

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் ரத்த ரிப்போர்ட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில் 78 சதவீதம், லிம்போசைட் 13. வகுத்தால் 6. மூன்றைத் தாண்டினாலே ஆயுள் குறைவு என்று ஒரு கட்டுரையில் படித்தேன். தாளின் ஓரத்தில் பென்சிலால் 6 என்று எழுதி வட்டம் போட்டிருந்தேன். காலையில் அப்பா அதைப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா?" என்றார். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

லேப்_ராத்திரி_ஷிஃப்ட்:
ரத்தம் எடுத்தது எந்தத் தேதி, அக்கா? ஆபரேஷனுக்கு முன்பா, பின்பா? அப்போது சிறுநீர் வடிய கதீட்டர் குழாய் இருந்ததா, காய்ச்சல் இருந்ததா, ஸ்டீராய்டு ஏதும் போட்டார்களா? ஆபரேஷன் ஆனால் உடம்பில் கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறும். ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் நியூட்ரோஃபில் ரத்தத்துக்குள் இறங்கிவிடும், லிம்போசைட் குறையும். புற்றுநோயே இல்லாதவருக்கும் அந்த நேரத்தில் 6 வரும்.

மூத்தமகள்:
ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள். கதீட்டர் இருந்தது, காய்ச்சலும் இருந்தது. சிறுநீர் கல்ச்சரில் ஈ.கோலை என்ற கிருமி வளர்ந்ததாக டிஸ்சார்ஜ் தாளில் இருக்கிறது.

பை_எடுத்தவன்:
அப்படியென்றால் அந்த 6 கிருமித் தொற்றின் கணக்காகவே இருக்கலாம், தங்கச்சி. எனக்குப் புற்று தசை வரை போய்விட்டது. சிறுநீர்ப்பையையே எடுத்து ஏழு வருஷம் ஆகிறது. அப்போது நானும் இதே விகிதத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

இந்த விகிதம் அதிகமாக இருந்தவர்களுக்கு முடிவு மோசமாக இருந்ததாகப் பல ஆய்வுகள் சொல்வது உண்மை. தட்டணுவையும் சேர்த்துப் பெருக்கும் எஸ்.ஐ.ஐ. என்ற கணக்கு, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் (இது மட்டும் குறைந்தால் கெடுதல்) எல்லாவற்றிலும் இதே கதைதான். ஆனால் பெரும்பாலானவை பழைய கேஸ் ஷீட்டுகளைத் திரும்பப் புரட்டி எழுதியவை. எல்லைக்கோடு ஒருவருக்கு 2.5, இன்னொருவருக்கு 3, வேறொருவருக்கு 5. எஸ்.டபிள்யூ.ஓ.ஜி. என்ற அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வுக் குழுவின் 8710 என்று தசைக்குள் போன சிறுநீர்ப்பைப் புற்றுக்கு ஒரு பெரிய சோதனை நடந்தது: ஆபரேஷன் மட்டுமா, முன்னால் கீமோ கொடுத்து ஆபரேஷனா என்று. அதில் இருந்தவர்களின் ரத்தக் கணக்கை வைத்து 2017இல் பார்த்தபோது, எவ்வளவு காலம் இருப்பார்கள் என்பதையும் இந்த விகிதம் சொல்லவில்லை, யாருக்குக் கீமோ பலன் தரும் என்பதையும் சொல்லவில்லை.

இன்னொன்று. பி.சி.ஜி. வேலை செய்வதே பைக்குள் அழற்சியைக் கிளப்பித்தான். அழற்சி என்றாலே கெடுதல் என்று எடுத்துக்கொள்ளாதே.

டாக்டரிடம் கேட்க வேண்டியது வேறு. பயாப்சி தாளை எடு. எடுத்த துண்டில் தசைத் திசு இருந்ததா? சி.ஐ.எஸ். (உள்தோலில் தட்டையாகப் படரும் புற்று) இருந்ததா? கட்டி எத்தனை, எவ்வளவு பெரிது? அப்பா சிகரெட் பிடிப்பாரா? அதையெல்லாம் பார்.

மூத்தமகள்:
19 நாள் கழித்து எழுதுகிறேன். கதீட்டர் எடுத்து, ஆன்டிபயாட்டிக் முடிந்து, மறுபடி ரத்தம் பார்த்தோம். நியூட்ரோஃபில் 61, லிம்போசைட் 28. விகிதம் 2.2.

ஆனால் அண்ணா, நீங்கள் சொன்னபடி பயாப்சி தாளைப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில் கடைசி வரி: "மாதிரியில் தசைத் திசு காணப்படவில்லை." இத்தனை நாளும் தசைக்குப் போகவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். தசையே துண்டில் வரவில்லை என்றால் போனதா இல்லையா என்று எப்படித் தெரியும்? டாக்டரிடம் கேட்டேன். அதனால்தான் இரண்டாவது முறை கட்டாயம், இந்தத் தடவை தசை வரும்படி ஆழமாக எடுப்பேன் என்றார். வருகிற வியாழக்கிழமை தேதி கொடுத்திருக்கிறார்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்தத் தாளை வாங்கி, பென்சில் வட்டத்தை அவரே ரப்பரால் அழித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சிகரெட் பாக்கெட்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.

பை_எடுத்தவன்:
வியாழக்கிழமை முடிந்ததும் எழுது, தங்கச்சி. எந்த நேரமானாலும் பார்ப்பேன்.