மலை இறக்கத்துல ஹைபிரிட் பேட்டரி ஃபுல் ஆயிட்டா?

கேள்வி: கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைபிரிட் (பெட்ரோல் இஞ்சினோட பேட்டரில ஓடற மோட்டாரும் இருக்கற கார்) ஓட்டறேன். குன்னூர்ல இருந்து மேட்டுப்பாளையம் இறங்கறப்ப பாதி வழிக்கு முன்னாடியே சார்ஜ் பார் ஃபுல்லாயிடுது, அப்புறம் ஆக்சிலரேட்டர்ல காலே வைக்கல, ஆனா இஞ்சின் உர்ருனு கத்துது. பெட்ரோல் வீணாகுதாங்க?

பதில் 1: இல்லைங்க. இறங்கறப்ப மோட்டாரே ஜெனரேட்டரா மாறி சக்கரத்த இழுத்துப் பிடிச்சு கரண்ட் எடுக்குது. ஆனா உங்க பேட்டரி வெறும் 0.76 யூனிட் தான், ஆளுங்களோட 1500 கிலோ வண்டி 1500 மீட்டர் இறங்கினா கிட்டத்தட்ட 6 யூனிட் எனர்ஜி வருது, அத்தனையும் எங்க போய் வைக்கறது? அதான் மிச்ச கரண்ட்ட வச்சு இஞ்சின சும்மா சுத்த விடுது, அப்ப பெட்ரோல் ஊத்தாது.

பதில் 2: கியர B-ல (இறக்கத்துல இஞ்சினே வண்டிய இழுத்துப் பிடிக்கற மோடு) போடுங்க நண்பா, பிரேக்கும் சூடாகாது.

கேள்வி கேட்டவர்: அப்ப ஏறும்போது இதுல லாபமே இல்லையா?

பதில் 1: ஏத்தத்துல பேட்டரி சீக்கிரம் காலியாயிடும், இஞ்சின் தான் இழுக்கணும். ஹைபிரிட்டுக்கு காந்திபுரம் சிக்னல் மாதிரி நின்னு நின்னு போற ரோடு தான் சரி, அங்க பிரேக்ல பிடிச்சது அடுத்த நிமிஷமே கிளம்பறதுக்கு செலவாயிடும்.