புதுப்பிப்பு: டென்ட்ரோபியம் நுனியில் வந்த குட்டிச்செடி

போன மே மாதம் இங்கே கேட்டிருந்தேன்: பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் இருக்கும் டென்ட்ரோபியம் ஆர்க்கிடில், தண்டின் நுனியில் பூவுக்குப் பதிலாகக் குட்டிச்செடி முளைத்திருக்கிறது, வெட்டி நடலாமா என்று. சிலர் உடனே வெட்டச் சொன்னீர்கள், சிலர் பொறுக்கச் சொன்னீர்கள். பொறுத்தது நல்லதாகப் போயிற்று.

முதலில் தாய்ச்செடியைத் தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். தென்னைநார்த் தூளில் ஈரம் தேங்கி, பாதி வேர் அழுகிக் கிடந்தது. வேர் கெட்டால் இந்தச் செடி தன் உயிரைக் குட்டிக்குக் கடத்திவிடும். பார்க்கவே மனசு கஷ்டமாக இருந்தது. அழுகியதை நறுக்கிவிட்டு, அடுப்புக்கரியும் ஓட்டுத்துண்டும் போட்டு மாற்றி வைத்தேன்.

ஆனி, ஆடியில் நம்ம ஊர்க் காற்று தெரியுமே, குட்டிச்செடியில் தொங்கும் வேரை ஒரே மதியத்தில் உலர்த்திவிடும். காலையிலும் நாலு மணிக்கும் தெளிப்பானால் நனைத்தேன். வேரின் மேலுறை காய்ந்தால் வெள்ளி நிறம், நனைந்தால் பச்சை. தண்ணீர் எப்போது வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும்.

ஆவணியில் நாலு வேரும் இரண்டு அங்குலம் தாண்டின. பிளேடைத் தீயில் காட்டி, தாய்த்தண்டில் ஒரு துண்டோடு சேர்த்து வெட்டினேன். வெட்டுவாயில் மட்டும் இலவங்கப்பட்டைத் தூள் தடவினேன். வேரில் பட்டால் அது உலர்த்திவிடும். அப்புறம் தேங்காய் மட்டையில் பருத்தி நூலால் கட்டி, பச்சை வலைக்குக் கீழே தொங்கவிட்டேன்.

இப்போது வேர்நுனி மட்டையைப் பிடித்துக்கொண்டது, அடியில் புதுத்தளிர் ஒன்று. தாய்ச்செடியிலும் ஒரு முளை தெரிகிறது.