மொட்டை மாடித் திறப்பு

கவிதா (5ம் மாடி): மொட்டை மாடித் திறப்பு ஆரிட்ட? இரவு 10 மணிக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் காணும்

செல்வி மாமி: என்னட்ட பிள்ளை. என்ர மோர்மிளகாய்த் தட்டு அங்க கிடக்கு, போன கிழமை ஆரோ செருப்புக்காலால மிதிச்சுப்போட்டினம் அதான் பூட்டினனான்

கவிதா: ஐயோ மாமி அது நானில்லை. டெலஸ்கோப் வைக்கோணும், ஹைஜியா பாக்க

ரகு அண்ணை: ஹைஜீனோ? அப்ப முதல்ல கீழ குப்பை ரூமைப் பாருங்கோ, மூண்டு நாளா நாறுது

கவிதா: 😂 அந்தச் சொல்லும் இந்தப் பேரும் ஒரே வேர்தான் அண்ணை, ஹைஜியா எண்டது கிரேக்கரிட சுகாதாரத் தெய்வம். இது சிறுகோள், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில இருக்கிற சிறுகோள் பட்டையிட வெளிப்பக்கம் சூரியனைச் சுத்துது, ஒரு சுத்துக்கு ஐஞ்சரை வருசம்

சிவம் மாமா: வந்து விழுமோ?

கவிதா: இல்லை மாமா எவ்வளவு கிட்ட வந்தாலும் சூரியனைவிடத் தூரம்தான்

சிவம் மாமா: எவ்வளவு பெரிசு

கவிதா: குறுக்க 430 கிலோமீற்றர் அளவில, பருத்தித்துறையில இருந்து தெய்வேந்திரமுனை மட்டும் எண்டு வையுங்கோ, அந்தப் பட்டையில நாலாவது பெரிசு. ஆனா பத்தாவதாத்தான் கண்டுபிடிச்சவை, 1849ல நேப்பிள்ஸில காஸ்பரிஸ் எண்டவர். அதைவிடச் சின்னன் ஆறு அதுக்கு முதலே அம்பிட்டுட்டுது

ரகு அண்ணை: அது எப்பிடி

கவிதா: கறுப்பு அண்ணை. காபன் கூடின கல்லு, விழுற வெளிச்சத்தில 100க்கு 7 அளவுதான் திருப்பி விடும், தூரமும் கூட. சிலியில இருக்கிற பெரிய டெலஸ்கோப்பால எடுத்து 2019ல வெளிவந்த படங்களில கிட்டத்தட்ட உருண்டையாம், 200 கோடி வருசத்துக்கு முதல் எதுவோ இடிச்சு உடைஞ்சு திரும்பச் சேந்ததெண்டு சொல்லினம், சிதறின துண்டுகள் இப்பவும் ஆயிரக்கணக்கில அதே மாதிரிப் பாதையில சூரியனைச் சுத்துது

செல்வி மாமி: வெறுங்கண்ணுக்குத் தெரியாதோ

கவிதா: தெரியாது மாமி. டெலஸ்கோப்பிலயும் ஒரு புள்ளிதான், பக்கத்து நட்சத்திரம் மாதிரியே இருக்கும். அதால இண்டைக்குப் புள்ளியெல்லாம் கீறி வைச்சு நாளைக்குத் திரும்பப் பாத்து எது நகர்ந்திருக்கோ அதுதான் ஹைஜியா. அப்ப நாளைக்கும் திறப்பு வேணும் 🙏

ரகு அண்ணை: காலி வீதி லைட்டுக்க புள்ளி தெரிஞ்ச மாதிரித்தான்

கவிதா: கடல் பக்கம் பரவாயில்லை அண்ணை. தண்ணித் தாங்கி மறைப்பில நிண்டால் லைட் கண்ணுக்க அடிக்காது

செல்வி மாமி: தாங்கிக்குக் கிட்டத்தான் தட்டு இருக்கு. 10 மணிக்கு நானும் வாறன், தட்டைத் தூக்கின பிறகு கதவைத் திறப்பம். செருப்பை வெளியில கழட்டு